மூன்று ஜோடிகள்

“இங்கே போட்டோ எடுத்துக்கிட்ட மூணு ஜோடியும் பிரிஞ்சு போச்சு. அப்புறம் உங்க இஷ்டம்.”

கேட்டைத் திறந்துவிட்ட காவல்காரம்மா இதைச் சொன்னதும், மாப்பிள்ளையின் அம்மா காருக்கு வெளியே நீட்டிய காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

போட்டோகிராபர் பெண் தோளில் இருந்த கேமராப் பையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டூடியோவில் இரண்டு வருடம் ஆல்பம் ஒட்டிய பிறகு, முதலாளி அவளைத் தனியாக அனுப்பிய முதல் வேலை இது. “சொதப்பிட்டு வந்தா மறுபடியும் பசை டப்பாதான்” என்று சொல்லித்தான் கேமராவைக் கையில் கொடுத்தார். அவள் வீட்டில் முதல் பட்டதாரி. ‘என் பொண்ணு இனிமே போட்டோகிராபர்’ என்று அம்மா அதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

போதாக்குறைக்கு, இந்த இடத்தைச் சொன்னதும் அவள்தான். ஊருக்கு வெளியே, யாரோ ஒரு பிரபுவின் குடும்பம் நூறு வருடத்துக்கு முன்னால் கோடைக்கு வந்து தங்கிய பங்களா. இப்போது பாதி இடிந்து, அரசாங்கத்தின் கையில். இணையத்தில் கிடைத்த ஒரு படத்தில், சாயங்கால வெயிலில் அந்த மாடி பால்கனி தகதகவென்று இருந்தது. அதைக் காட்டியதும் ஜோடி மயங்கிப்போனது.

முன்கூட்டியே ஒரு நடை வந்து பார்த்திருக்க வேண்டும். வரவில்லை. இன்றுதான் இந்த வாசலையே மிதிக்கிறாள்.

மாப்பிள்ளை காருக்குள் அம்மாவைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தான். வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் காவல்காரம்மாவை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துப்போனாள்.

“ஏங்க்கா, முறையா அனுமதி வாங்கித்தானே வந்திருக்கோம்? வர்றவங்ககிட்ட எல்லாம் இப்படித்தான் புளுகுவீங்களா?”

“எல்லார்கிட்டயும் இல்ல. ஜோடியா வர்றவங்ககிட்ட மட்டும்.”

“கல்யாணம் பண்ணிக்கப் போறவங்க வயித்துல புளியைக் கரைக்கிறதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்? பொறாமையா?”

“இருபது வருஷமா ஒரே ஆளோட குப்பை கொட்டுறவ நான். எனக்குப் பொறாமை வேறயா? வா, உனக்கு ஒண்ணு காட்டுறேன்.”

முன்கூடத்துக்குக் கூரை இல்லை. மாடிப்படி மட்டும் அழகாக வளைந்து ஏறியது. காவல்காரம்மா மூலையில் கிடந்த நீளக் கம்பை எடுத்து, பால்கனியின் அடியில் ஓர் இடி இடித்தாள். தலையணை அளவுக்கு ஒரு காரைக்கட்டி அவர்கள் முன்னால் விழுந்து தூளானது.

அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

“இதைச் சொல்லக்கூடாதாக்கா?”

“சொல்லாமலா? ‘அபாயம், ஏறாதீர்கள்’னு போர்டு வச்சேன். அந்தப் போர்டுல சாஞ்சுக்கிட்டே படம் எடுத்தாங்க. கயிறு கட்டினேன், தாண்டிக் குதிச்சாங்க. படியை அடைச்சுடுங்கன்னு ஆபீசுக்கு எழுதிப் போட்டேன். ரெண்டு பேரு வந்தாங்க. அவங்களும் ஒரு படம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, போன வருஷம் ஒரு பொண்ணு கைப்பிடியோட சேர்ந்து கீழே வந்துச்சு. இடுப்பு போச்சு. நடக்க முடியாத பொண்ணு வேண்டாம்னு மாப்பிள்ளை வீட்டுல கைகழுவிட்டாங்க.”

“அப்ப மூணு ஜோடின்னு சொன்னது?”

“ஒரு ஜோடிதான் நிஜம். ஒண்ணுன்னா யாரு பயப்படுறாங்க? மூணாக்கினேன். அதுலேர்ந்து ஒருத்தரும் ஏறல.”

அதற்குள் மாப்பிள்ளை கூடத்துக்குள் வந்துவிட்டான். பின்னாலேயே, தரையில் புரளும் உடையைச் சுருட்டிப் பிடித்தபடி மணப்பெண்.

“சிஸ்டர், அம்மாவைச் சமாளிச்சாச்சு. வாங்க, வெயில் போகுது.”

“சார், மேலே வேண்டாம். பால்கனி பெயர்ந்து விழுது, இதோ பாருங்க. கீழேயே எடுத்துக்கலாம். இந்தத் தூண் பக்கம் நல்லாவே வரும்.”

“தூண் எங்க ஆபீஸ்லயும் இருக்கு சிஸ்டர். ரெண்டே நிமிஷம். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்தாலே நூறு கிலோ தேறமாட்டோம்.”

“ஆமாக்கா,” என்று மணப்பெண் சிரித்தாள். “கொஞ்சம் ஆபத்தா இருந்தாத்தான் படத்துல ஒரு கெத்து இருக்கும்.”

போட்டோகிராபர் குறுக்கே கையை நீட்டினாள். மாப்பிள்ளை அந்தக் கைக்கடியில் குனிந்து, கயிற்றையும் தாண்டி முதல் படியில் ஏறிவிட்டான்.

“உங்களுக்குப் பயமா இருந்தா கீழேயிருந்தே எடுங்க.”

“கொஞ்சம் இருப்பா.”

வாசலில் மாப்பிள்ளையின் அம்மா. மனசு கேட்காமல் காரைவிட்டு இறங்கி வந்திருந்தாள். கைப்பையை மார்போடு அணைத்தபடி நேராகப் போட்டோகிராபரிடம் வந்தாள்.

“ஏம்மா, நீ படிச்ச பொண்ணு. இந்த இடம் தெரிஞ்சுதான கூட்டிட்டு வந்திருக்கே. அந்தம்மா சொன்னது நிஜமா, பொய்யா? பொய்னு நீ ஒரு வார்த்தை சொல்லிட்டா, நான் பேசாம கார்ல போய் உக்காந்துக்கிறேன்.”

மாப்பிள்ளை மூன்றாவது படியிலிருந்து அவளுக்குக் கண் ஜாடை காட்டினான்.

பொய் என்பதுதான் உண்மை. அதைச் சொன்னால் வேலை பிழைக்கும். நிஜம் என்றால், இந்த அம்மா அடுத்த நிமிடமே மகனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஸ்டூடியோவில் போய் என்ன சொல்வது? வீட்டில் என்ன சொல்வது?

பரீட்சையில்கூடப் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்க்காதவள், கேமராவைப் பைக்குள் வைத்து மூடினாள். தலை நிமிராமல் சொன்னாள்:

“நிஜம்தாம்மா. ஆனா மூணு இல்ல, நாலு. நாலாவது ஜோடி நான்தான்.”