இரண்டாவது சுற்று

செல்லையன் வீட்டுக் கொல்லைப் பக்கம் வந்து நின்ற சேக் அலாவுதீன் முதலில் துணிக்கொடியைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தார்.

"காத்து நல்லாத்தான் அடிக்கிது," என்றார், காற்றைத் தாமே வரவழைத்த மாதிரி.

அடிக்காமல் என்ன? வைகாசி முடிகிற சமயத்தில் காரைக்கால் காற்றுக்கு மட்டு மரியாதை கிடையாது. காயப்போட்ட துணியை உருவிக்கொண்டு போய்ச் சேற்றில் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

கொடியில் செல்லையனின் வேட்டி, சட்டை, அவன் பெண்டாட்டி அமுதத்தின் புடவைகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கம்பிக் கிளிப்பு. பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பியை வளைத்துச் செல்லையன் செய்தது. தலையில் ஒரு சுருள், இரண்டு பக்கமும் காது. காதை அழுத்தினால் வாய் திறக்கும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

துணிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. ஒன்றும் நழுவவில்லை.

"சிங்கப்பூர் கப்பல்ல வர்ற மரக் கிளிப்பே இந்தக் காத்துக்குப் பல்ல இளிக்கிது. இது நிக்கிதே!" என்றார் சேக் அலாவுதீன்.

செல்லையன் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றான். அமுதம் அடுக்களை வாசலை விட்டு வரவில்லை.

துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது கிளிப்பு அல்ல, நூல்.

காலையில் துவைத்துப் போட்டபோதே ஒவ்வொரு துணியையும் கொடிக்கயிற்றோடு சேர்த்து நாலு தையல் போட்டு வைத்திருந்தாள். மடிப்புக்கு உள்ளே, துணிக்கேற்ற நிறத்தில். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது.

இது இன்றைக்கு ஆரம்பித்த வேலையும் இல்லை.

மில்லில் ஆளைக் குறைத்தபோது வீட்டுக்கு வந்த செல்லையன், கம்பியும் குறடுமாக உட்கார்ந்துவிட்டான். கட்டுக்கம்பியில் செய்த கிளிப்பு ஒரே நாளில் வாயைப் பிளந்தது. குடைக்கம்பியில் செய்தது பட்டென்று ஒடிந்தது. சாயங்காலமானால், "நின்னுச்சா?" என்று கேட்பான். இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் அலுத்தது. சேற்றில் விழுந்த துணியைத் திரும்பத் திரும்பத் துவைத்து இடுப்பும் விட்டுப்போயிற்று.

கடைசியில் சைக்கிள் கம்பிக்கு வந்தான். அதுவும் வேட்டியைக் கோட்டைவிட்டது. அன்று சாயங்காலம் கேட்கும்போது அவன் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு இல்லையை அந்த முகம் தாங்காது என்று தோன்றியது.

"நின்னுச்சுங்க," என்றாள்.

சொன்ன பொய்யைக் காப்பாற்ற அதன்பிறகு தினமும் ஊசியும் நூலும் எடுக்கவேண்டியதாயிற்று.

அந்தத் தைரியத்தில்தானே அவன் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் இந்த மனிதரைக் கூட்டி வந்திருக்கிறான்! மாங்கனித் திருவிழாக் கூட்டத்தில் போட்டு விற்கலாம் என்று அவரும் வந்துவிட்டார். இது தேறவில்லையென்றால் குரும்பகரத்தில் அவள் அண்ணன் வயலுக்குக் கூலியாளாகப் போகவேண்டியதுதான். மில்லில் ஃபிட்டராக இருந்தவன் மச்சான் வரப்பில் கைகட்டி நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சேக் அலாவுதீன் கொடிக்குக் கிட்டே போனார். சட்டையின் மேல் இருந்த கிளிப்பைத் தொட்டார்.

"எடுத்துத்தான் பாப்பமே."

அமுதம் வாசற்படியை விட்டு இறங்கினாள். கிளிப்பை எடுத்த பிறகும் சட்டை கொடியிலேயே தொங்கினால்? இவர் சிரிப்பார். நாளைக்குக் கடைத்தெருவே சிரிக்கும்.

"பாய், டீ ஆறுதுங்க!"

அவர் காதில் வாங்கவில்லை. கிளிப்பின் காதை அழுத்தி அதை எடுத்தார்.

சட்டை ஒரு விநாடி சும்மா கிடந்தது. அடுத்த வீச்சில் காற்று அதை உருவிக்கொண்டு போய்க் கிணற்றடிச் சேற்றில் போட்டது.

சேக் அலாவுதீன் கைகொட்டிச் சிரித்தார். "இதுக்கு மேல என்னாப்பா சாட்சி வேணும்? திருவிழாவுக்குள்ள எவ்ளோ முடியுமோ அவ்ளோவும் செஞ்சு குடு."

அமுதம் ஓடிப்போய்ச் சட்டையை எடுத்தாள். ஊசித் துளைகள் இருந்தன. நூல் இல்லை. மற்றத் துணிகளின் மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். எதிலுமே நூல் இல்லை. வருகிறவருக்கு டீ போடப் பக்கத்து வீட்டுக் காசியம்மாவிடம் பால் வாங்கப் போயிருந்தாளே, அதற்குள் யாரோ எல்லாத் தையலையும் வெட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

அப்படியானால் இவ்வளவு நேரமும் இந்தக் காற்றில் துணியைப் பிடித்திருந்தது கிளிப்புதான்.

ஒன்றைக் கழற்றிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள். தலைச் சுருளில் முன்பு ஒரு சுற்றுத்தான் இருக்கும். இதில் இரண்டு இருந்தது. எப்போது மாற்றினான் என்று தெரியவில்லை. நூலை நம்பித் துணி போட்டவள் கம்பியைப் பார்க்கவே இல்லை.

பாயை வாசல் வரைக்கும் அனுப்பிவிட்டுச் செல்லையன் திரும்பி வந்தான். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். ஜெயித்தவன் மாதிரி இல்லை, நடவு முடிந்து வந்தவன் மாதிரி இருந்தான். அவர் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன டீயை எடுத்துக் குடித்தான்.

"எப்பலேருந்துங்க தெரியும்?" என்றாள் அமுதம்.

அவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

"வுழுந்துருச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தியன்னா, இந்த ரெண்டாவது சுத்த எப்பவோ போட்டிருப்பேன் அமுதம்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அலுத்துப்போய்ச் சொன்னான்.