மார்கழியில் எழுதாதவள்

“மார்கழில நல்ல காரியம் எதையும் தொடங்கக் கூடாது சார். வூட்ல அம்மா கத்தும். நான் தை பொறந்ததும் எழுதிக்கிறேன்.”

ஜெயசித்ரா இப்படிச் சொன்னதும் அன்பழகனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் சென்டருக்கு அவர்கள் இரண்டு பேர்தான் வாத்தியார்கள். இரண்டாயிரமாவது வருடமே முடியப் போகிறது. சர்வர் பாடம் நடத்துகிறவளுக்கு மார்கழியாம், தையாம்.

“ஏங்க, இந்த சர்வர் சர்டிபிகேட் பரீட்சைய நடத்துறவன் அமெரிக்காக்காரன். அவனுக்கு மார்கழி தெரியுமா, மாசி தெரியுமா? இந்தப் பழைய வெர்ஷனுக்கு டிசம்பர் முப்பத்தொண்ணுதான் கடைசி. அதோட பரீட்சைய நிறுத்திப்புடறான். அதுக்குள்ள தேறிட்டா ஒரு வருஷம் டைம் தரான், மெதுவா புதுசுக்கு மாறிக்கலாம். விட்டுட்டோம்னா இத்தன நாளு படிச்சது அத்தனையும் வீணாப் போயிடும்.”

“பரவால்ல சார். புதுச முதல்லேருந்து படிச்சுக்கிறேன்.”

“தையில எழுதினா கம்ப்யூட்டரே பொங்கல் வச்சு மார்க் போட்டுருமா?”

“கிண்டல் பண்ணாதீங்க சார். நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குல்ல.”

அன்பழகன் வாயைத் திறந்தான், உடனே மூடிக்கொண்டான். ராகு காலம், எமகண்டம் என்று யாராவது ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் நிற்க வைத்துப் பேசாமல் விடுகிற ஆளில்லை அவன். டீக்கடையில் அவன் தலையைக் கண்டாலே ராசிபலன் படிக்கிறவர்கள் பேப்பரை மடித்துவிடுவார்கள். அப்பேர்ப்பட்டவன் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் இருந்தது.

சென்டர் முதலாளி ராசாங்கம் பொங்கலோடு கடையைக் கட்டப் போவதாகச் சொல்லிவிட்டார். அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஆள் எடுக்கிறார்கள். ஒரே ஓர் இடம். சர்டிபிகேட் இருந்தால்தான் இன்டர்வியூவுக்கே கூப்பிடுவார்களாம். சுற்றுவட்டாரத்தில் அதற்குப் போட்டி என்று பார்த்தால் இவர்கள் இருவர்தான். பாடத்தில் ஜெயசித்ரா அவனைவிட ஒரு பிடி அதிகம். அது அவனுக்கே தெரியும். அவளாக ஒதுங்கிக்கொண்டால் அவனுக்கென்ன வலிக்கிறதா? மூடநம்பிக்கையை ஒழிக்கும் வேலையைத் தை மாதத்துக்குத் தள்ளிவைத்துவிட்டான்.

“சரிங்க. அவங்கவங்க நம்பிக்கை அவங்கவங்களுக்கு. நான் எதுக்குக் குறுக்க நிக்கணும்?” என்றான், ரொம்பப் பெருந்தன்மையாக.

மார்கழி நடுவில் திருச்சிக்குப் போய் எழுதினான். தேறிவிட்டான். மார்க் போட்ட தாளை அங்கேயே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். ஊருக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக அதை லேமினேட் செய்து, ஜெயசித்ராவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தான்.

“பாத்தீங்களா, மார்கழில எழுதினதுதான். எழுத்து ஏதாச்சும் கோணிப் போயிருக்கா?”

“ரொம்ப சந்தோசம் சார். ஸ்வீட் எங்க?”

அவள் முகத்தில் வருத்தம் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தான். கொஞ்சம் தெரிகிற மாதிரிதான் இருந்தது. பாவமாகக்கூட இருந்தது. கால் கிலோ மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தான்.

பொங்கல் முடிந்தது, சென்டருக்குப் பூட்டு விழுந்தது. தை கடைசியில் அவள் புது வெர்ஷன் எழுதித் தேறிவிட்டாள் என்று கேள்விப்பட்டான். தேறட்டுமே. ஆலையில் ஓடுவதெல்லாம் பழைய வெர்ஷன். போன வருடம் அங்கே பிரிண்டர் ரிப்பேருக்குப் போனபோது தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறான். புதுசை வைத்துக்கொண்டு அவள் அங்கே என்னத்தைக் கிழிக்கப் போகிறாள்?

மாசியில் இன்டர்வியூ நடந்தது. அன்பழகன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

“இது பழசாச்சே தம்பி. புதுசு எழுதலையா?” என்றுதான் அதிகாரி கேட்டார்.

“ஒரு வருஷம் டைம் இருக்கு சார். அதுக்குள்ள எழுதிடுவேன்.”

“அதுவரைக்கும் எங்க சர்வர யாரு பாக்கறது? இங்க எல்லாத்தையும் புதுசா மாத்தியாச்சே” என்று சொல்லிச் சர்டிபிகேட்டை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து உள்ளே போன ஜெயசித்ரா நிதானமாக வந்தாள். வேலை அவளுக்குத்தான்.

ஆலை வாசலில் இருவரும் பஸ்ஸுக்கு நின்றார்கள். இத்தனை வருடமாக ஊரெல்லாம் பேசிய பேச்சு ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்து அன்பழகனைக் குத்தியது. இனி யாரிடம் போய் என்ன பேசுவது?

“ஒத்துக்கறேங்க. வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மார்கழில எழுதினதுதான் தப்பு. உங்க வூட்ல சொல்றதுலயும் ஏதோ இருக்கு போல. இனிமே நானும் நாளு கெழம பாக்கலாம்னு இருக்கேன்.”

ஜெயசித்ரா அவனைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

“எங்க வூட்லயா? எங்க அப்பா அம்மா கல்யாணம் நடந்ததே மார்கழிலதான் சார், அதுவும் ராகு காலத்துல” என்றாள். “ஆலைக்குப் புது வெர்ஷன் மெஷினெல்லாம் ஐப்பசியிலயே வந்துடுச்சு, எங்க மாமாதான் லோடு எறக்கினாரு. அத சொன்னா நீங்களும் பழச எழுதாம காத்திருப்பீங்களேன்னுதான் மார்கழியச் சொன்னேன்.”