தள்ளுபடி செய்த நாள்கள்

மனித இதயத்தின் ஒரு நாள் ஆயுளுக்கு அந்தக் காலத்தில் அரசாங்கம் வைத்திருந்த விலை அறுநூற்று நாற்பது ரூபாய். பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சிலிருந்து ஆலைப் புகை எத்தனை நாளைத் தின்றதோ, அத்தனைக்கும் ஆலைக்காரர் வருஷா வருஷம் பணம் கட்டிவிட வேண்டும்.

விருதுநகர் அரிசி ஆலை தனுஷ்கோடி அண்ணாச்சி ஒழுங்காகக் கட்டுவார். ஆனால் பேரம் பேசாமல் கொடுத்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஆலைக்குப் பின்னால் குடியிருந்த தையல்காரர் சவரிமுத்து, நாள்கணக்கு காட்டும் கைப்பட்டையை நீட்டுவார்.

“முப்பத்தேழா? சில்லறையை விடுப்பா, முப்பதுன்னு முடிப்போம்.”

“ஏழு நாள்ல நான் என்ன கோட்டையா கட்டப் போறேன்? விடுங்க அண்ணாச்சி,” என்று சவரிமுத்து இருமிக்கொண்டே சிரிப்பார்.

பன்னிரண்டு வருஷமும் பட்டை முப்பத்தேழு காட்ட, கணக்கு முப்பதிலேயே முடிந்தது. பதின்மூன்றாம் வருஷம் தையல் மிஷின் மேலேயே சவரிமுத்துவின் இதயம் நின்றுபோனது.

மனசு உறுத்த, தள்ளுபடி செய்த எண்பத்து நாலு நாளுக்கும் பணத்தை உறையில் போட்டு அவர் வீட்டுக்கு எடுத்துப் போனார் அண்ணாச்சி. சவரிமுத்து தன் மகளுக்குத் தைத்த கல்யாண ரவிக்கை பாதித் தையலோடு மிஷினில் கிடந்தது. சவரிமுத்துவின் மனைவி லூர்தம்மாள் உறையைத் தொடவில்லை.

“காசு வேண்டாம் அண்ணாச்சி. கல்யாணத்துக்கு அறுபது நாள்தான் இருக்கு. அவருக்கு அதை மட்டும் குடுங்க. மிச்சம் இருபத்து நாலைச் சில்லறைன்னு விட்டுடறேன்.”

இந்தமுறை பேரம் பேசாமலே அண்ணாச்சி ஆலைக்குத் திரும்பிப் பேரேட்டை விரித்தார். பன்னிரண்டு வருஷத்தில் கொடுத்ததாக எழுதியிருந்த முந்நூற்று அறுபது நாளையும் அடித்துவிட்டு, கீழே எழுதினார்: சவரிமுத்துவுக்குப் பாக்கி, நானூற்று நாற்பத்து நாலு நாள்.