ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையின் சூடு

எண்பத்தைந்தின் குளிரில் நாங்கள் குடியிருந்த கரவன் வண்டியின் ஹீற்றரை உடைத்தவன் நான்தான். திருத்துகிறேன் என்று ஒரு ஆணியைத் திருகினேன். அது ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது.

வாடகைக்கு வீடு கேட்டால் சம்பளத் துண்டு கேட்கிற பிரெஞ்சு ஊரில், லா சப்பல் ரயில் பாதையோரம் நின்ற அந்தக் கரவன்தான் எங்கள் மாளிகை. கட்டில் ஒன்றுதான். பகலில் ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை படுப்பார், இரவில் நான். நான் வருமுன் அவர் வேலைக்குப் போய்விடுவார்.

அவர் கோபித்துக்கொண்டு போயிருந்தால் நான் விறைத்தே செத்திருப்பேன். நல்ல மனுஷன், போகவில்லை. சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக் களைத்து நான் வரும்போதெல்லாம் போர்வைக்குள் சூடு இருந்தது. தலையணையில் தலை வைத்த பள்ளமும் இருந்தது. மன்னிப்புக் கேட்கத் துணிவில்லாமல், நன்றியோடு அதற்குள் சுருண்டுகொள்வேன்.

மாசியில் ஒருநாள் அவரைக் கார் து நோர் ரயில் நிலையத்தில் கண்டேன்.

"அண்ணை, என்னோடை கோவமோ?"

"உன்னோடை கோவிச்சு எனக்கென்ன பென்சனே வரப்போகுது?"

"பகடியை விடுங்கோ. கட்டிலைச் சூடாக்கி வைக்கிறீங்கள், பெரிய உபகாரம். இன்னும் கொஞ்சம் பிந்தி எழும்பினால் நல்லது."

அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"டேய், நீ அதை உடைச்ச அண்டைக்கே நான் வில்லியே லே பெல்லிலை இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டன். பிறகு அந்தக் கட்டில்லை நான் படுக்கவே இல்லை."