பேராசிரியர் நட்ட புங்கமரம்

எங்கள் பல்கலைக்கழகத்தோடு மாணவர் பரிமாற்ற ஒப்பந்தம் போட வரும் வெளிநாட்டுக்காரர்கள் ஆளுக்கொரு மரக்கன்று நட்டுவிட்டுப் போவார்கள். அப்படிப் பன்னிரண்டு வருடம் முன்பு நட்ட பேராசிரியர் ஒருவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுபடி வந்தார். தன் மரத்தைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார். அவர் நட்ட இடத்தில் இப்போது கார் கொட்டகை நிற்கிறது.

"கருத்தாண்டி, கொட்டகைக்குப் பக்கத்துல நிக்குதே, அந்தப் புங்கமரத்துல அவரு பேர்ப் பலகைய அடிச்சிரு" என்றார் பதிவாளர், தோட்ட வேலை பார்க்கும் என்னிடம்.

"ஐயா, அது எம் பொண்டாட்டி பூவாயி வச்ச மரம். இந்தக் கட்டடம் கட்டையில சாரத்துலருந்து விழுந்து செத்தாளே, அவ வச்சது. அடிமரத்துல அவ பேரு வெட்டியிருக்கேன்."

"அதுக்குத்தான்யா சொல்றேன். பேரு மறையுற மாதிரி அடி. மரம் வந்து சாட்சியா சொல்லப்போகுது?"

ஐம்பது வயதுக்குமேல் இங்குள்ள மாணவர்களிடம் எழுத்துப் படித்து, நான் முதலில் எழுதிய பெயர் அது. அதன்மேல் பலகையை வைத்து, மேல் விளிம்பில் இரண்டு ஆணி அடித்தேன்.

பேராசிரியர் வந்ததும் மரத்தைக் கட்டிக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பலகை காற்றில் ஆடுவதைப் பார்த்துச் சிரித்து, என்னிடமிருந்த சுத்தியலை வாங்கிக்கொண்டார். தன் மரத்துக்குத் தானும் ஓர் ஆணி அடிக்க வேண்டுமாம். பலகையின் நடுவில் ஆணியை வைத்தார்.

"ஆடாமப் பிடிய்யா, போட்டோ எடுக்கிறாங்க" என்றார் பதிவாளர்.

ஆணி எந்த எழுத்தில் இறங்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.