எழுபதாம் கல்யாணம்

பிரசன்னாவின் எழுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மறுபடி தாலி கட்டுமுன், மணையருகே உள்ள விளக்கைப் பார்த்து மனைவி சம்மதம் சொல்ல வேண்டும் என்பது இப்போது சட்டம். வாயும் மனசும் ஒன்றாகச் சொன்னால்தான் அது பச்சையாகும்.

“சம்மதம்” என்றாள் அறுபத்தைந்து வயது சுகன்யா. விளக்கு சிவப்பாகவே இருந்தது.

“சத்தமா சொல்லுங்கோ மாமி, முகூர்த்தம் தாண்டறது” என்றார் சாஸ்திரிகள்.

“சம்மதம்.” சிவப்புதான். தவில்காரர் ஓங்கிய குச்சியை இறக்கவில்லை.

“மானத்த வாங்காதேம்மா” என்று மகள் பல்லைக் கடித்தாள்.

பிரசன்னா தாலியைத் தட்டில் வைத்தார். “உனக்கு என்னதான் வேணும், சொல்லேன்.” இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை.

“கொடைக்கானல் பள்ளிக்கூடத்துல வேலை கிடைச்சிருக்கு. நான் தனியாப் போகணும்.”

விளக்கு பச்சையானது. அதற்காகவே காத்திருந்த தவில்காரர் கெட்டிமேளம் கொட்டினார். பின்வரிசை வரை எல்லோரும் எழுந்து அவள்மேல் அட்சதை தூவினார்கள்.