ஊதா விளக்கில் தண்ணீர்

"சோப்புத்தூள் போட்டா கழுவினீங்க?"

லேப்பில் சோதனை பார்க்கிற அஃபீஃபா கேட்டதும், குழாய் கழுவுகிற செல்வி பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

"அழுக்கா இருந்துச்சு மேடம். பளபளன்னு இருக்கட்டுமேன்னு..."

"எத்தினி தபா சொல்றது செல்விக்கா, வெறும் தண்ணில கழுவுங்கன்னு? என் வேலையெல்லாம் போச்சு."

நாலு கண்ணாடிக் குழாய்க்கு இத்தனை ஏச்சா என்று உங்களுக்குத் தோன்றும். வாசலில் நின்ற மேனேஜர் அருணாச்சலத்துக்கும் அப்படித்தான் தோன்றியது.

"உடும்மா, பாவம், புள்ளகுட்டிக்காரி. சோப்புக்குப் போயி இவ்ளோ பேஜாரா?"

கும்மிடிப்பூண்டியில் இரும்புச் சாமானுக்கு முலாம் பூசுகிற கம்பெனி அது. அங்கே ஒரு மேனேஜர் வாயில் 'பாவம்' என்ற வார்த்தை வருவது அபூர்வம். செல்விக்குக் கண் கலங்கியது.

"இங்க பாருங்க சார்." பேங்க்கில் கள்ள நோட்டு பார்ப்பார்களே, அந்த மாதிரி ஊதா விளக்கைப் போட்டாள் அஃபீஃபா. குழாய் நீலமாக ஒளிர்ந்தது. "காலி டியூப் இது. துணி வெள்ளையா தெரியறதுக்கு சோப்புத்தூள்ல ஒரு சரக்கு கலக்கிறாங்க. அதுவும் என் சொட்டு மாதிரியே எரியும். எது சொட்டு, எது சோப்புன்னு நான் இன்னான்னு கண்டுபுடிக்கிறது?"

"அட, அப்படியா?" அருணாச்சலம் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவள் சொட்டு என்றது கார்பன் டாட்ஸை. சர்க்கரையை மைக்ரோவேவ் அடுப்பில் கருக்கி அவளே தயாரித்தது. கண்ணுக்குத் தெரியாத கரித்துணுக்குகள்தான், ஆனால் ஊதா விளக்கில் நீலமாக எரியும். முலாம் கழிவில் இருக்கிற குரோமியம் என்ற விஷம் கலந்த தண்ணீரில் விட்டால் அந்த வெளிச்சம் அணைந்துபோகும்.

கம்பெனிக்குப் பின்னால் ஒரு தெரு. அங்கே ஒரு கைப்பம்பு, செல்வி வீட்டுக்கும் அதுதான் குடிதண்ணீர். செல்வியின் சின்ன மகளுக்கு உடம்பெல்லாம் புண். தெருவில் பல பிள்ளைகளுக்கு அப்படித்தான். பம்புத் தண்ணீரில் கம்பெனிக் கழிவு கலக்கிறது என்றது தெரு. இல்லை என்றது கம்பெனி.

"ரிப்போர்ட்டெல்லாம் எங்களுக்குப் புரியாது. கண்ணால காட்டுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார் வார்டு மெம்பர் ராஜமாணிக்கம்.

"காட்டிட்டா போச்சு" என்றார் அருணாச்சலம். "எங்க லேப் பொண்ணு சொட்டு வச்சிருக்குது. எரிஞ்சா தண்ணி சுத்தம். அணைஞ்சுதுன்னா மறுநாள்லேர்ந்து உங்க தெருவுக்கு தினம் லாரில நல்ல தண்ணி. போதுமா?"

வெள்ளிக்கிழமை தெருக்காரர்கள் லேப்பில் வந்து நின்றார்கள். அருணாச்சலம் கையில் கேனோடு வந்தார்.

"நானே போயி பம்பு அடிச்சு புடிச்சுக்கினு வந்தேன். நாளைக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக் கூடாது பாருங்க."

மேனேஜரே பம்பு அடித்தாராமே என்று தெரு அசந்துபோனது.

அஃபீஃபா தண்ணீரைக் குழாயில் ஊற்றினாள். சொட்டு பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டாள். அருணாச்சலத்துக்குப் பொறுக்கவில்லை, அவரே ஜன்னலைச் சாத்தி ஊதா விளக்கைப் போட்டார்.

நீல வெளிச்சம். பளிச்சென்று.

"எரியுதுப்பா" என்றார் ராஜமாணிக்கம்.

செல்வி கையெடுத்துக் கும்பிட்டாள். "இனிமே பயமில்லாம புள்ளைக்குக் குடுக்கலாம்."

"நான் அப்பவே சொன்னேன் இல்ல?" அருணாச்சலம் எல்லோர் முகத்தையும் பார்த்துச் சிரித்தார். "நம்ம தண்ணிக்கு இன்னா குறை? கேட்டாத்தானே. கிளம்புங்க, கிளம்புங்க."

"இருங்க சார்."

அஃபீஃபா கையை நீட்டிக் காட்டினாள். பாட்டில் மூடிகூடத் திறக்கவில்லை.

"சொட்டு இன்னும் என் கையிலதான் இருக்கு. தண்ணில நான் எதையும் போடவே இல்லை."

குழாய் மட்டும் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. செல்விக்குத்தான் முதலில் பயம் பிடித்தது.

"மேடம், சத்தியமா இந்த தபா நான் சோப்பைத் தொடலை. வெறும் தண்ணிலதான் கழுவினேன்."

"தெரியும் செல்விக்கா" என்றாள் அஃபீஃபா. "நீங்க டியூபைத்தான் கழுவினீங்க. தண்ணி கொண்டாந்தது சார்."